மேட்டில் வெட்டிய மண் யார் வயலில் இறங்குகிறது?

(குருபரப்பள்ளியில் கட்டிடத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கூட்டம் துவங்குவதற்கு முன்னால் ஒரு பெரியவர் என்னிடம் வந்து கேட்டார்: "ஏம்ப்பா, மழை பேஞ்சா மண்ணு கரையத்தான் செய்யும். அது ஆண்டவன் காரியம். அதுக்குப் போய் ஒரு கூட்டமா?" நியாயமான கேள்விதான். மழை பெய்வது இயற்கையின் காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மேட்டில் இருந்த புல்லையும் புதரையும் மரத்தையும் ஒரே வாரத்தில் வேரோடு பிடுங்கி, நிலத்தைத் தோல் உரித்த ஆடு மாதிரி ஆக்கி, புரட்டாசி மழை வரும் சமயத்தில் அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போவது யாருடைய காரியம்? அதை ஆண்டவன் தலையில் கட்டலாமா?

நமது இடத்தின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக் கொள்ளுங்கள். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அணை 500 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தூரம் சுமார் 50 கிலோமீட்டர். ஆகவே இந்தப் பிரதேசம் முழுவதுமே ஒரு பெரிய சரிவு. நந்தி மலைப் பக்கத்தில் பிறந்த தென்பெண்ணை ஓசூர் வழியாக இறங்குகிறது. கோலார்ப் பக்கத்திலிருந்து மார்க்கண்டேய நதி வேப்பனப்பள்ளி வழியாக இறங்குகிறது. இரண்டும் கடைசியில் கிருஷ்ணகிரி அணையில் போய்ச் சேருகின்றன. இவற்றுக்கு நடுவே எத்தனை ஓடை, எத்தனை குட்டை, எத்தனை ஏரி! ஒரு ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்கு. நம் முன்னோர் இந்தச் சரிவைத் தெரிந்துதான் ஏரிகளைச் சங்கிலி போலக் கோத்து வைத்தார்கள்.

இந்தச் சரிவின் மேல்தான் இன்று தொழிற்பேட்டைகள் எழும்புகின்றன. 1970களில் ஓசூரில் சிப்காட் துவங்கியது. பிறகு பர்கூர், சூளகிரி என்று பரவி இப்போது குருபரப்பள்ளிக்கும் வந்திருக்கிறது. தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். வானம் பார்த்த கேழ்வரகுக் காட்டில் மட்டும் ஒரு தலைமுறை இனிமேல் பிழைக்க முடியாது. கட்டிடம் எழும்பட்டும். அதைக் கட்டும் விதம் எப்படி என்பதுதான் என் பேச்சு.

ஒரு மழைத் துளியில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். பெருமழையின் பெரிய துளி தரையில் வந்து மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். புல் இருந்தால் அந்த அடியைப் புல் வாங்கிக் கொள்கிறது. சருகு இருந்தால் சருகு வாங்குகிறது. வெறும் மண்ணாக இருந்தால் ஒவ்வொரு துளியும் ஒரு சிறு சம்மட்டி. அடித்த இடத்தில் மண் தெறிக்கிறது. தெறித்த நுண்ணிய மண் தரையிலுள்ள துளைகளை அடைத்துக் கொள்கிறது. அதன் பின் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை, மேலே ஓடத் துவங்குகிறது. இது போதாது என்று டிப்பரும் ரோலரும் ஓடி ஓடித் தரை இறுகிப் போய்க் கிடக்கிறது.

இனி கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் தண்ணீர். 5 சென்டிமீட்டர் பெய்தால் 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி இருக்கிறதே, அதில் பதினேழு லாரி. ஒரே ஒரு ஏக்கருக்கு! நூறு ஏக்கரைச் சமப்படுத்தியிருந்தால் 2 கோடி லிட்டர். காடாகவும் புல்லாகவும் இருந்தபோது இதில் நல்ல பங்கு தரைக்குள் போனது. இப்போது பெரும்பகுதி பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறது. 5 சென்டிமீட்டர் என்பது நம் பக்கத்தில் ஒரு சாதாரண கனமழைதான். 2024 டிசம்பர் துவக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது நமது ஜில்லாவின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர்!

ஓடுகிற தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு. ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது உருட்டிக் கொண்டு போகக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்காவதில்லை, 64 மடங்காகிறது. நதிகளைப் படித்தவர்கள் பழைய நாளிலேயே கண்ட விதி இது. ஆகவே சரிவு நீண்டு கொண்டே போக, நடுவில் தடுப்பு ஏதும் இல்லாதிருக்க, மேலே நெல்மணி அளவு மண்ணை நகர்த்திய தண்ணீர் கீழே வருவதற்குள் ஜல்லியை நகர்த்துகிறது. வரப்பு கட்டிச் சரிவைத் துண்டு துண்டாக்கிய குடியானவனுக்கு இந்த விதியின் பெயர் தெரியாது. விதி தெரியும்.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் சர்க்கார் இலாகா ஒரு கணக்குச் சொல்கிறது. கட்டிட வேலை நடக்கும் இடத்திலிருந்து அடித்துப் போகும் மண், உழவு நிலத்திலிருந்து போவதைப் போல 10 முதல் 20 மடங்கு. காட்டிலிருந்து போவதைப் போல 1,000 முதல் 2,000 மடங்கு. அவர்கள் நாட்டுக் கணக்கு நம் செம்மண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் சாய்வு என்பதில் சந்தேகம் இல்லை.

ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் கனத்துக்கு மண் போனால் எவ்வளவு தெரியுமா? 14 யூனிட்! ஏறக்குறைய 60 டன். அந்த 14 யூனிட்டை அள்ளிக் கொண்டு போக ஒரு காண்ட்ராக்டர் டிப்பரும் டீசலும் கூலியும் கொடுக்க வேண்டியிருக்கும். மழை இனாமாக அள்ளிக் கொண்டு போகிறது. ஆனால் கொண்டு போய் எங்கே கொட்டுகிறது?

அங்கேதான் தோழர்களே, நம் கதை துவங்குகிறது.

முதலில் அடுத்த வயல். சூளகிரிப் பக்கம் கொத்தமல்லி, புதினா, தக்காளி. விதைத்துப் பத்து நாள் ஆன கொத்தமல்லிப் பாத்தியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு படிந்தால் அந்தப் பாத்தி செத்தது. நிலச் சொந்தக்காரனுக்கு விளைச்சல் நஷ்டம். சரி, அவன் மனு எழுதுவான், கலெக்டர் ஆபீசுக்குப் போவான், ஒரு வேளை ஏதாவது கிடைக்கும். அந்தப் பாத்தியில் களை எடுத்து, அறுத்து, கட்டுக் கட்டி நாலு பணம் பார்க்கவிருந்த பெண்ணுக்கு? அவளுடைய இருபது நாள் கூலியை எந்தப் பதிவேட்டில் எழுதுகிறார்கள்? நஷ்டக் கணக்கு எடுக்க வருகிற உத்தியோகஸ்தர் பயிரைப் பார்க்கிறார், நிலத்தைப் பார்க்கிறார், கூலியைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேட்டில் பொக்லைனுக்குப் பின்னால் மண் அள்ளுகிற சித்தாளும், கீழே வயலில் களை எடுக்கிற பெண்ணும் பல வீடுகளில் ஒரே குடும்பம். அண்ணன் மேலே, தங்கை கீழே. சில வீடுகளில் ஒரே ஆள்தான், தை மாசம் வயலில், சித்திரை மாசம் கட்டிடத்தில். மேலே நம் கையால் தோண்டிய மண் கீழே நம் கூலியை மூடுகிறது. இதில் காண்ட்ராக்டருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதனால்தான் அவருக்கு அவசரமும் இல்லை.

வயலுக்கு அடுத்தது வரத்துக் கால்வாய், பிறகு ஏரி. நூறு நாள் வேலையில் வெயிலில் நின்று நாம் தூர் எடுத்த கால்வாய்கள் எத்தனை! ஒரு மழையில் அது மேடாகிவிட்டால் அந்த உழைப்பு போச்சு. ஏரியின் வாய் அடைபட்டால் தண்ணீர் ஏரிக்குப் போகாமல் ஊருக்குள் போகிறது. ஊருக்குள் என்றால் எங்கே? மேட்டுத் தெருவுக்கா? இல்லை. பள்ளத்தில் இருக்கிற காலனிக்கு.

கடைசியில் கிருஷ்ணகிரி அணை. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1957இல் திறந்த அணை. 9,000 ஏக்கருக்கு மேல் அதை நம்பி நடவு நடக்கிறது. கட்டிய நாளில் பிடித்த தண்ணீரை அது இன்று பிடிப்பதில்லை, அடியில் வண்டல் ஏறியிருக்கிறது. அந்த வண்டலெல்லாம் கட்டிட மண் என்று சொல்லிக் கை தட்டல் வாங்க எனக்கு விருப்பம் இல்லை. காடு அழிந்ததற்கும், கரை அரிப்புக்கும், ஏன், வரப்புச் சரியில்லாத நம் உழவுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் மற்றவை எல்லாம் பல ஆயிரம் பேர் சேர்ந்து, பல வருஷங்களில் செய்தது. கட்டிட மண் ஒரே இடத்திலிருந்து, ஒரே பருவத்தில், பெயர் சொல்லி விரல் நீட்டக்கூடிய ஒரு காண்ட்ராக்டின் கீழ் வருகிறது. எதை நிறுத்துவது சுலபம்? இதைத்தான்.

இனி, பயிரை விட, ஏரியை விடப் பெரிய விஷயம். உயிர்.

மழைத் தண்ணீரை ஒழுங்காகத் திருப்பாத கட்டிட வேலையில் முதலில் சாகிறவன் தொழிலாளி. 2019 ஜூன் 29 அதிகாலையில் புனே நகரத்தில் கோந்த்வா என்ற இடத்தில், பக்கத்தில் ஆழமாகத் தோண்டியிருந்த கட்டிட வேலைத்தளத்தின் ஓரத்தில் நின்ற மதில் மழையில் சரிந்தது. அதன் கீழே தகரக் குடிசைகளில் உறங்கிக் கொண்டிருந்த 15 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் பீகாரிலிருந்து வந்த கூலிகள், குழந்தைகளும் அதில் உண்டு. அதே வருஷம் டிசம்பர் 2 அதிகாலையில் நமது மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் உயரமான கல் மதில் மழையில் ஊறிச் சரிந்து, கீழே இருந்த ஏழைகளின் வீடுகளில் 17 பேர் மாண்டார்கள். அது கட்டிட வேலைத்தளம் அல்லதான். ஆனால் கொன்றது அதே தண்ணீர், அதே பாரம். 2023 டிசம்பர் 4இல் மிக்ஜாம் புயலின்போது சென்னை வேளச்சேரியில் ஆழமாக வெட்டியிருந்த அஸ்திவாரப் பள்ளத்தின் கரை சரிந்தது. தண்ணீர் நிரம்பிய பள்ளத்தில் இரண்டு பேர் சிக்கி இறந்தார்கள். உடல்களை எடுக்கவே நாட்கள் ஆயின.

சுவர் ஏன் விழுகிறது? பத்து அடி உயரத்துக்கு ஒரு மதில். பின்னால் மண். அந்த மண்ணுக்குள் தண்ணீர் புகுந்து மதிலின் தலை வரை தேங்கிவிட்டால், தண்ணீர் மட்டுமே ஒவ்வொரு மீட்டர் நீள மதிலையும் ஏறக்குறைய நாலரை டன் பலத்துடன் தள்ளுகிறது. மண்ணின் பாரம் வேறு. சுவரில் நீர் கசிந்து வெளியேற ஓட்டை விட்டு, பின்னால் ஜல்லி நிரப்பியிருந்தால் தண்ணீர் சொட்டிச் சொட்டி வெளியே போய்விடும். ஒரு கொத்தனாருக்கு அது அரை நாள் வேலை. அந்த அரை நாள் வேலையை மிச்சம் பிடித்தவன் வேறு, அதன் கீழே உறங்கியவன் வேறு.

குழிக்கும் இதே நியாயம்தான். காய்ந்த செம்மண் சுவர் மாதிரி நேராக நிற்கும், நாமும் நம்பி இறங்குவோம். ஊறிய செம்மண் சொல்லாமல் கொள்ளாமல் விழும். ஒரு கன மீட்டர் ஈர மண் ஏறக்குறைய 2 டன். மார்பு வரை மூடினால் போதும், தலை வெளியே இருந்தாலும் மூச்சு விட முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 3764ஆம் எண் விதி என்ன சொல்கிறது? ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான மண் குழிக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்ட வேண்டும், குழி ஆழமானால் ஆழத்தில் பாதி தூரம் தள்ள வேண்டும். நம் வேலைத்தளங்களில் மண்ணை எங்கே கொட்டுகிறார்கள்? விளிம்பில். ஏன்? பொக்லைன் கை திரும்புகிற தூரம் அதுதான்!

ஆகவே மழை பெய்த மறுநாள் காலை குழிக்குள் இறங்குவதற்கு முன் விளிம்பைச் சுற்றி ஒரு நடை நடங்கள். விளிம்புக்கு இணையாகத் தரையில் கோடு மாதிரி வெடிப்பு இருக்கிறதா? சுவரில் புதிதாக ஊற்றுப் போலக் கசிகிறதா? அடியில் மண் உப்பியிருக்கிறதா? பக்கத்தில் டிப்பர் ஓடுகிறதா? ஒன்று இருந்தாலும் இறங்காதீர்கள். மேஸ்திரி கோபிப்பார். கோபித்துக் கொள்ளட்டும். ஒரு ஆள் மறுத்தால் அவனை வீட்டுக்கு அனுப்புவார்கள், நாற்பது பேரும் மேலேயே நின்றால் முட்டுக் கட்டை வரும். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்களுக்கு நம் பாஷை தெரியாது. அவர்களைத்தான் முதலில் குழிக்குள் இறக்குகிறார்கள். வெடிப்பைக் கை காட்டிச் சொல்ல பாஷை தேவையில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? இதற்கு வெளிநாட்டு யந்திரம் எதுவும் வேண்டாம். வரிசை வேண்டும். எது முதலில், எது பிறகு என்ற வரிசை.

தோண்டுவதற்கு முன்னால் மேட்டுத் தண்ணீரைத் திருப்ப வேண்டும். வேலைத்தளத்துக்கு மேலே உள்ள காட்டிலிருந்து வரும் நல்ல தண்ணீர் ஏன் தோண்டிய மண்ணின் மேல் ஓட வேண்டும்? மேல் விளிம்பில் ஒரு கால்வாய் வெட்டி, சுற்றிக் கொண்டு போய் ஓடையில் விட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. மாந்தோப்பு வைத்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

அதற்கு அடுத்தது, கீழ் மூலையில் வண்டல் குட்டை. கட்டிடம் முடிந்த பிறகு அழகுக்கு வெட்டுகிற குட்டையைச் சொல்லவில்லை. முதல் நாள், முதல் பொக்லைன் வேலையாக வெட்ட வேண்டிய குட்டை. அளவு என்ன? அமெரிக்காவில் ஏக்கருக்கு 3,600 கன அடி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் 36 யூனிட், ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். ஒரு பொக்லைனுக்கு ஓரிரு மணி நேர வேலை. இதற்கு மேல் பெய்கிற மழைக்கு வெளியேற கல் பதித்த கோடி ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் குட்டையின் கரையே உடைந்து இன்னொரு வெள்ளத்தைக் கிளப்பும். ஏரிக்குக் கோடி வைக்கத் தெரிந்த நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் குட்டையை மட்டும் நம்பிவிடக் கூடாது. மணல் சில நிமிஷத்தில் அடியில் படியும். வண்டல் மணிக்கணக்கில் படியும். களிமண்ணோ நாள் கணக்கில் மிதந்து கொண்டே இருக்கும். நம் குட்டைத் தண்ணீர் மழை விட்டு ஒரு வாரம் ஆன பிறகும் சிவப்பாகவே இருப்பது இதனால்தான். ஆகவே மண் கிளம்பாமல் தடுப்பதுதான் பிரதானம், கிளம்பிய பிறகு பிடிப்பது இரண்டாவது. முழு மேட்டையும் ஒரே நேரத்தில் உரிக்காதே! இந்த மாதம் கட்டப் போகிற பத்து ஏக்கரை மட்டும் உரி, மற்றதில் புல் இருக்கட்டும். உரித்த மேல்மண்ணைத் தனியாக, ஓடையிலிருந்து தள்ளிக் குவித்து வை. அதன் மேல் வைக்கோலோ தார்ப்பாயோ போடு, இரண்டு மாதத்துக்கு மேல் கிடக்குமானால் கொள்ளோ கொழிஞ்சியோ தூவி விடு. சரிவாக வெட்டிய கரையில் தென்னை நார்ப் பாயை விரித்து முளை அடி. நமது ஜில்லாவில் தென்னை நாருக்குப் பஞ்சமா?

வெட்டிவேரைப் பற்றி ஒரு வார்த்தை. பிஜித் தீவு என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரனின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றிய தீவு. அங்கே 1950களில் சரிவான கரும்பு நிலங்களில் வெட்டிவேரை வரிசையாக வேலி போல நட்டார்கள். முப்பது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தவர்கள் அந்த வேலி அப்படியே நிற்பதையும், அதன் பின்னால் மண் சேர்ந்து படிக்கட்டு மாதிரி ஆகியிருப்பதையும் கண்டார்கள். உலக வங்கி அதை ஏதோ புதிய கண்டுபிடிப்புப் போல நாடெல்லாம் சொல்லிற்று. நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் குண்டல்பேட்டையில், குடியானவர்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே வயல் எல்லையில் வெட்டிவேர் வைத்துத்தான் மண்ணைக் காத்து வந்தார்கள்! அதன் வேர் பக்கவாட்டில் ஓடாது, நேராக ஆளுயரத்துக்கும் மேல் கீழே இறங்கும். ஆடு மாடு அவ்வளவாகக் கடிக்காது. நிரந்தரமாக நிற்கப் போகிற கரைகளுக்கு இதைவிட மலிவான காவல் கிடையாது.

பச்சை வலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வேலைத்தளத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருப்பார்கள். "நாங்கள்தான் தடுப்பு வைத்திருக்கிறோமே" என்று காட்டுவார்கள். அது தூசிக்கும், நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண்ணுக்கும்! தண்ணீர் அதன் கீழே நுழைந்து போய்க் கொண்டே இருக்கும். மண்ணைப் பிடிக்க வேண்டுமானால் நெருக்கமாக நெய்த துணி வேண்டும். அதன் அடிப்பக்கத்தை அரை அடி ஆழத்துக்குச் சாலெடுத்துப் புதைத்து மண் போட்டு மிதிக்க வேண்டும். தண்ணீர் பரவலாக வருகிற இடத்தில், சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் நட வேண்டும். ஓடைக்குக் குறுக்கே கட்டினால் முதல் வெள்ளத்தில் கம்போடு போய்விடும், அங்கே கல்லடுக்குத் தடுப்புத்தான் நிற்கும். இன்ஜினியர் தோழர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம், படத்தில் சரியாகத்தான் போட்டிருப்பீர்கள். நடுகிறவனுக்கு யாரும் சொல்வதில்லை.

"இதற்கெல்லாம் செலவாகுமே, வேலை தாமதமாகுமே" என்பார்கள். அடித்துப் போன மண்ணைத் திரும்ப வாங்கிக் கொட்டுவதும், அஸ்திவாரக் குழியில் நிறைந்த சேற்றை மோட்டார் வைத்து இறைப்பதும், அதற்காக நம்மைக் கூலியில்லாமல் மூன்று நாள் உட்கார வைப்பதும் செலவில்லையா? கடைசியாகச் சொன்ன செலவு அவர்கள் கணக்கில் வருவதில்லை, அது நம் அடுப்பில் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? முதலாளிகளின் சொர்க்கம் என்று சொல்கிற அமெரிக்காவிலேயே 2003 முதல் ஒரு ஏக்கரும் அதற்கு மேலும் மண்ணைக் கிளறுகிற எந்தக் கட்டிட வேலைக்கும் மழைநீர் அனுமதி வேண்டும், மண் அரிப்பைத் தடுக்கும் திட்டத்தை எழுதி வேலைத்தளத்தில் வைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு ஏக்கர் அளவில் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கை தொழிற்பேட்டைகளுக்கும் பெரிய கட்டிட வேலைகளுக்கும் முன் அனுமதி கேட்கிறது. அந்த அனுமதிக் கடிதங்களில் மேல்மண்ணைச் சேர்த்து வைப்பது, மழைநீர் வடிகால் அமைப்பது போன்ற நிபந்தனைகள் வழக்கமாக எழுதப்படுகின்றன. நிபந்தனைகளை நிறைவேற்றியதாக ஆண்டுக்கு இரண்டு தடவை, ஜூன் 1லும் டிசம்பர் 1லும், அறிக்கை கொடுக்க வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. அந்த அறிக்கை பொது ஆவணம். ரகசியம் அல்ல!

அதைப் படித்துப் பாருங்கள். "வண்டல் குட்டை அமைக்கப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தால் உங்களில் யாராவது அந்த வேலைத்தளத்தில் மண் சுமந்தவராக இருப்பீர்கள். குட்டை இருக்கிறதா இல்லையா என்று ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவரை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மே 1 கிராம சபை கூடும். ஆகஸ்ட் 15இலும் அக்டோபர் 2இலும் கூடும். மே மாதக் கோடை மழைக்கும் புரட்டாசி, ஐப்பசி மழைக்கும் முன்னால் பேசுவதற்கு இந்த நாட்கள் பொருத்தமானவை. "சேறு வருகிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தச் சர்வே நம்பரில் மண் வெட்டுகிறார்கள், எந்த ஓடை வழியாக எந்தச் சர்வே நம்பர் வயலில் இறங்குகிறது, எந்த ஏரியின் வரத்துக் கால்வாய் எத்தனை அடி தூர்ந்திருக்கிறது, எந்தத் தேதி மழையில் என்று எழுதுங்கள். ஒரு குச்சியில் அடி, அங்குலம் கோடு போட்டு, மழைக்கு முன்னால் கால்வாயில் நட்டு வையுங்கள். மழைக்குப் பின்னால் எவ்வளவு மூடியிருக்கிறது என்று அதே குச்சி காட்டும். கைபேசியில் குச்சியோடு சேர்த்துப் படம் எடுங்கள். வேலை போன நாட்களையும், யார் யாருக்கு எத்தனை நாள் கூலி போயிற்று என்பதையும் தனித் தாளில் பெயர் பெயராக எழுதிச் சேருங்கள். தீர்மானத்தில் அது பதிவாகிறதா என்று நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அதன் நகலை வாங்கி ஒன்று கலெக்டருக்கு, ஒன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஓசூர் அலுவலகத்துக்கு, ஒன்று சிப்காட் திட்ட அலுவலகத்துக்கு. நேரில் கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.